பழைய கம்ப்யூட்டருக்குள் என் கையெழுத்து

நேற்று சரவணன் போன் செய்தார். நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஏதோ விசேஷம், அழைக்கிறார் என்று நினைத்து எடுத்தால், மனுஷன் நாற்பது கம்ப்யூட்டருக்கு ஜாதகம் பார்க்கச் சொல்கிறார்.

"பழசுக்கெல்லாம் இனிமே அப்டேட் வராதாம் மேடம். எதை அப்கிரேடு பண்றது, எதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறதுன்னு ஹெட் ஆபீஸ்ல ஒரு வாரத்துல லிஸ்ட் கேக்கறாங்க. நீங்க ஒரு பார்வை பாத்து சொன்னீங்கன்னா தைரியமா அனுப்பிடுவேன்."

பட்டியலைப் போனுக்கே அனுப்பிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் பிரிவு, எந்த வருஷம் வாங்கியது, என்ன பிராசஸர், எவ்வளவு ரேம், ஹார்டு டிஸ்க் நிலைமை என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார். குறை சொல்ல முடியாது, நான் போட்டதைவிட நல்ல கட்டம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'உபயோகிப்பவரின் புகார்'. அதில் பாதிக்கு மேல் 'இல்லை' என்று இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் இன்னொரு தரம் படித்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, சென்னையில் ஆறு மாதப் பயிற்சி, அப்புறம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பஸ். நான் சேர்ந்தபோது ஆலையில் மொத்தம் நான்கு கம்ப்யூட்டர். அவை இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பெண்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வாய் நீளமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வாய் நீளம்தான், மறுக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மேலதிகாரி கமாலுதீன் சார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பத்து வருஷம் துபாயில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டுப் போதும் என்று ஊர் திரும்பியவர். ஊரே விமானம் ஏறுகிற வயதில் நீ எதற்கு இறங்கி வந்தாய் என்று சொந்தக்காரர்களே அவரைக் கேலி செய்வார்களாம். குரல் உயராது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிமெண்ட் ஆலையில் ஒரு நாளை முழுதாகக் கடத்திவிட்டு, சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போன ஒரே மனிதர் அவர்தான். எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

ஏதாவது ஒரு பிரிவிலிருந்து 'எங்கள் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதுசு வேண்டும்' என்று கடிதம் வந்தால் நாங்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுப்போம். அவர் நாற்காலியை எடுப்பார்.

அந்த நாற்காலியைக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவருக்கு இடது பின்பக்கம் ஒரு முழத் தூரத்தில் போடுவார். அங்கிருந்து திரையும் தெரியும், மவுஸ் பிடித்த கையும் தெரியும். ஒரு தாளை நான்காக மடித்துத் தொடையில் வைத்துக்கொள்வார். பேச மாட்டார். முதல் கால் மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் கொஞ்ச நேரம் நடிப்பார்கள், அதற்கப்புறம்தான் உண்மையாக வேலை செய்வார்கள் என்பார். கால் மணி நேரம் போனதும் குறிக்க ஆரம்பிப்பார். மெஷினுக்காகக் கை காத்திருந்தால் ஒரு கோடு. யோசிப்பதற்காகக் கை நின்றால் ஒரு புள்ளி. அவ்வளவுதான் அவருடைய சோதனை.

புள்ளி நிறைய இருந்தால் மெஷினில் கோளாறு இல்லை. கோடுகள் எல்லாம் ஒரே வேலையில் வந்து குவிந்தால் அந்த வேலைக்கான பாகத்தை மட்டும் மாற்று. எதைச் செய்தாலும் கோடு விழுந்தால் தயங்காதே, புதுசு வாங்கு. இதைச் சொல்ல எதற்குத் துபாய் அனுபவம் என்று நான் மனதுக்குள் நினைத்ததுண்டு.

ஒருமுறை லாரி எடை போடும் இடத்திலிருந்து புது கம்ப்யூட்டர் கேட்டார்கள். லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரை நிற்கின்றன, மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது என்று கடிதம். சார் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். கோடுகள் எல்லாம் சீட்டு அச்சடிக்கும்போது மட்டுமே விழுந்தன. பழைய பிரிண்டர் ஒரே சீட்டை மூன்று பிரதி அடித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டை அந்த ஆபரேட்டர் கிழித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் மூன்று என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, எப்போதும் மூன்று வரும் என்றார். பிரதி எண்ணிக்கையை ஒன்றாக மாற்றிவிட்டு வந்தோம். லாரி வரிசை அன்றைக்கே கேட்டுக்குள் வந்துவிட்டது.

இன்னொரு முறை ஆய்வகத்தில் நேர்மாறாக நடந்தது. மெஷினைச் சோதித்துவிட்டு, நன்றாக ஓடுகிறது, ரேம் மட்டும் போட்டால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். சார் உட்கார்ந்து பார்த்தார், கோடே இல்லை. ஆனால் அந்தக் குமாஸ்தா ஒவ்வொரு வரி அடித்ததும் சேமித்தார், அதையே பக்கத்தில் ஒரு நோட்டில் கையாலும் எழுதினார். போன வருஷம் இரண்டு தரம் மெஷின் படுத்துவிட்டதில் அவருடைய ஒரு வார வேலை போயிருந்தது. "மெஷின் நல்லா இருக்கும்மா. ஆனா இவரு இனிமே அதை நம்ப மாட்டாரு. புதுசு வாங்கிடலாம்" என்றார் சார். புதுசு வந்த மறுவாரம் அந்த நோட்டு மேசையில் இல்லை.

இதையெல்லாம் கூட இருந்தே பார்த்தவள் நான். பார்த்தும் புத்தி வந்ததா என்றால், இல்லை. அங்கே போய் அசையாமல் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. சாருக்குத் தெரியாமல் பல மெஷின்களை எங்கள் ஏ.சி. அறைக்குத் தூக்கி வந்து, சோதனை புரோகிராமைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம். எங்கள் சுரங்கப் பிரிவில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் படம் வரைகிறவராக இருந்தார். ஆண்டிமடத்திலிருந்து வருவார். ஐ.டி.ஐ. படிப்பு, ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் மார்ச் கடைசியில் புதுப்பிப்பார்கள். சுண்ணாம்புக்கல் தோண்டும் குழியை மாதாமாதம் அளந்து வந்து கொடுப்பார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டியிருக்கிறது, அடுத்து எங்கே வெட்டலாம் என்று இவர் கம்ப்யூட்டரில் வரைந்து கன அளவு கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதற்கென்று வாங்கிய மெஷின் அது. இரண்டு பிராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு. வாங்கிய காலத்தில் ஆலையிலேயே அதுதான் பெரிய ஆள். அப்போது அதற்கு ஏழு வயது.

ஜனவரியில் ஒரு புது மேனேஜர் சுரங்கப் பிரிவுக்கு வந்தார். அவர் வந்ததிலிருந்து இரண்டு மாத வரைபடங்கள் தாமதம். மேலிடத்தில் அவரைக் குடைந்திருக்கிறார்கள். மார்ச் இருபதாம் தேதி வாக்கில் எனக்குப் போன் செய்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "மெஷின் சரியா இருந்தா நான் ஆளை மாத்தணும். மெஷின் சரியில்லேன்னா மெஷினை மாத்தணும். எதுன்னு எழுத்துல குடுங்க மேடம்." புது மெஷின் என்றால் அடுத்த பட்ஜெட்டில்தான் வரும், அதுவரை வரைபட வேலை ஹெட் ஆபீசுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அங்கே போன வேலை இங்கே திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆக, மெஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதினாலும் தமிழ்ச்செல்விக்கு வேலை போகும்; புதுசு வேண்டும் என்று எழுதினாலும் போகும். பழசையே சரி செய்யலாம் என்று எழுதினால் மட்டும்தான் அந்தப் பெண் இருப்பாள். அவ்வளவும் என் ஒரு தாளில் இருந்தது.

நான் என்ன செய்தேன்? வழக்கம்போல மெஷினைத் தூக்கிவரச் சொன்னேன். ஏ.சி. அறையில் பத்து நிமிஷம் ஓட்டினேன். குதிரை மாதிரி ஓடியது. 'நல்ல நிலையில் உள்ளது, தற்போதைய பணிக்குப் போதுமானது' என்று எழுதி சாரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். அந்தப் பெண் மெதுவாக வேலை செய்கிறவள், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

சார் தாளைப் படித்தார். கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"பின்னாடி உக்காந்து பாத்தீங்களாம்மா?"

"மெஷினே இங்க இருக்கு சார். அங்க போய் எதுக்கு உக்காரணும்?"

"மெஷின் இங்க இருக்கு. வேலை செய்யற புள்ள அங்கல்ல இருக்கு?"

எனக்கு எரிச்சல். இருந்தாலும் மறுநாள் காலையில் மெஷினைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு நாற்காலியைப் போட்டேன். சுரங்கப் பிரிவின் வரைபட அறை பேக்கிங் பிளான்ட் பக்கத்தில் பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. மூட்டை கட்டுமிடத்தின் தூசி நாள் முழுக்க ஜன்னல் வழியே வரும். ஏ.சி. கிடையாது. தமிழ்ச்செல்வி வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்திருந்தார். அது அவரைப் பார்த்துச் சுற்றவில்லை, கம்ப்யூட்டரின் கேபினெட்டைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. நான் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் போனது. குறிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணின் கை வேகம் நான் நினைத்ததற்கு நேர்மாறு. மவுஸை ஒரு பக்கம், கீபோர்டை ஒரு பக்கம் பார்க்காமலே ஓட்டுகிறார். புள்ளிகூட அதிகம் விழவில்லை. பத்தரை மணி வரை என் தாள் காலி. பத்தரைக்கு மேல் கோடு விழ ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. பதினோரு மணிக்கு ஒரு கோட்டை இழுக்கவே திரை மூச்சு வாங்கியது. நடுநடுவே அவர் இன்னொன்றும் செய்தார். மவுஸை விட்டுவிட்டு உள்ளங்கையைக் கேபினெட் மேல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அது கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. எனக்கு எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் சின்ன வட்டம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வட்டம்.

பேசக்கூடாது என்பது சாரின் விதி. என்னால் முடியவில்லை.

"ஏம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?"

"சூடு பாக்கறேங்க மேடம். ரொம்ப சூடானா மெதுவாயிடும். அப்ப சேவ் பண்ணிட்டு அரை மணி நேரம் அணைச்சு வெச்சுடுவேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷம் இருக்குங்க. கன அளவு கணக்கை மட்டும் காலையில குளிர்ச்சியிலயே ஓட விட்டுடுவேன். அதுக்குத்தான் மொத பஸ்ஸுல வந்துட்டு இருந்தேன். இப்ப எட்டு மணிக்கு முன்னாடி ஆபீச தொறக்கக் கூடாதுன்னு புது சார் சொல்லிட்டாரு."

தாமதம் ஜனவரியில் ஏன் ஆரம்பித்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அரியலூர் பஸ் நிலையத்தில் இந்தப் பெண்ணை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன் என்று எங்கள் பிரிவில் யாரோ சொன்னபோது, வீட்டில் மாமியார் தொல்லை போலிருக்கிறது என்று நான் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது.

"மூணு வருஷமா ஏன் சொல்லலை?" என்றேன், கொஞ்சம் அதட்டலாகத்தான்.

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "சொன்னேங்க."

சொல்லியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத்தான் போன் செய்தார். மேடம், மத்தியானத்தில் மெதுவாகிறது என்றார். மத்தியானம் எல்லாரும்தான் மெதுவாவாங்க, சாப்பிட்டுட்டு தூங்காம வேலையப் பாருங்க என்று நான் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு போனை வைத்தேன். அதற்கப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. எங்கள் ரிஜிஸ்டரில் மாதாமாதம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த மெஷினுக்கு நேரே நான் மூன்று வருஷமாக எழுதிவந்தது 'புகார் இல்லை'.

கேபினெட்டைக் கழற்றினேன். தமிழ்ச்செல்வி டார்ச் அடித்தார். உள்ளே பார்க்க ஒரு குறையும் இல்லை. ஃபேன் சுற்றுகிறது, போர்டு சுத்தம். ஒரு பிராசஸரின் ஃபேனைக் கழற்றினேன். ஃபேனுக்கு அடியில் சீப்பு மாதிரி அலுமினியத் தகடுகள் இருக்கும், ஹீட் சிங்க் என்போம். அந்தச் சீப்பின் இடைவெளிகள் வழியாகத்தான் சூடு வெளியே போக வேண்டும். இடைவெளியே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பூசி மெழுகியிருந்தது. தூசி என்று பிரஷ்ஷால் தட்டினேன், உதிரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் கீறினேன். சுவரைக் கீறுகிற சத்தம் வந்தது. இன்னொன்றைக் கழற்றினேன், அதுவும் அப்படியே. சூடு போக வழியில்லாமல் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஏ.சி. அறையில் பத்து நிமிஷத்தில் இது எங்கே தெரியப்போகிறது?

"என்ன மேடம் இது?"

பதில் சொல்ல நிமிர்ந்தபோது கேபினெட் கதவின் உள்பக்கம் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். எந்த மெஷினைச் சுத்தம் செய்தாலும் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வழக்கம். தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது, ஒரு ஐப்பசி. கையெழுத்து என்னுடையது.

எல்லாம் ஞாபகம் வந்தது. தூசி ஊதுகிற எங்கள் ப்ளோயர் எரிந்துபோயிருந்தது. மழைக்காலம். ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் பேக்கிங் பிளான்ட்டின் காற்றுக் குழாய் இருந்தது. அதை இழுத்து வந்து ஊதிவிட்டேன். ஆலைக் காற்றுக் குழாயில் மழைக்காலத்தில் தண்ணீர் சேரும், முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, வெள்ளைத் தாளில் ஊதிப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷினுக்குக் காட்ட வேண்டும் என்பது சார் வகுத்த முறை. நான் வடிக்கவும் இல்லை, தாளில் ஊதவும் இல்லை. மேலே இருந்த தூசி பறந்துவிட்டது. ஃபேனுக்கு அடியில் இருந்தது நனைந்து, இறுகி, கல்லாகிவிட்டது. சிமெண்ட் ஆலையில் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தண்ணீர் பட்டால் சிமெண்ட் என்னாகும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் எங்களுக்கெல்லாம் மூட்டைக்குள் இருந்தால்தான் அது சிமெண்ட், மேசை மேல் இருந்தால் தூசி.

"தூசிதாம்மா. அடைச்சிருக்கு" என்று தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன்.

அன்று மத்தியானம் புது அறிக்கை எழுதினேன். 'ஹீட் சிங்கில் தூசி அடைத்திருந்ததால் வேகம் குறைந்துள்ளது. ஹீட் சிங்க் இரண்டையும் மாற்றி, ரேம் கூட்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். புது மெஷின் தேவையில்லை.' எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அதுவும் மனதில் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய்.

"எல்லாம் எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் சார். எழுதிவிட்டேன் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சார், நான், தமிழ்ச்செல்வி. அந்தப் பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. அறிக்கையை இரண்டு தரம் படித்தார். பிறகு அவரைப் பார்த்து, தூசி அடைத்துத்தான் மெஷின் நின்றிருக்கிறது, தன் மெஷினைத் துடைத்து வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாதவர்களிடம் எப்படி இந்த வேலையைக் கொடுப்பது என்று வருத்தமாகத்தான் கேட்டார். என் வரியிலிருந்து வேறு எதை அவர் புரிந்துகொள்ள முடியும்? யார் அடைத்தது என்று நான் எழுதவில்லையே.

தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார்.

என் தப்புக்கு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கிறாள். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அவங்க எதுக்கு சார் மன்னிப்பு கேக்கணும்? அது தூசி இல்லை, சிமெண்ட். தண்ணி வந்த ஏர் லைன வெச்சு ஊதி அதைக் கல்லாக்கினது நான்தான். உள்ள ஸ்டிக்கர்ல என் கையெழுத்து இருக்கு. மெதுவாகுதுன்னு அவங்க மூணு வருஷத்துக்கு முந்தியே எங்கிட்ட சொன்னாங்க. நான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன்."

காலையில் எட்டு மணிக்கு முன் வந்து அவர் கணக்கு ஓட்டியதையும், கேபினெட் பக்கம் திருப்பிவைத்த ஃபேனையும் சொன்னேன். கோடும் வட்டமும் போட்ட தாளை மேசையில் வைத்தேன். மேனேஜர் கோடுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு சரி பண்ண எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டார். நான்கு நாள் என்றேன். அதற்கப்புறம் நாலு நாளில் மார்ச் மாத வரைபடம் வருமா என்று தமிழ்ச்செல்வியைக் கேட்டார். வரும் என்றார் அவர்.

மாடிப்படியில் இறங்கும்போது சாரிடம் கேட்டேன், உங்களுக்கு முதலிலேயே தெரியுமா என்று. "ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னதே நாந்தானேம்மா. நேத்து சாயங்காலமே போய்ப் பாத்துட்டேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லிட்டீங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் வாழ்நாளில் எடுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஸ்டிக்கரில் ஒரு வரி கூடியது: எதைக் கொண்டு சுத்தம் செய்தது.

அந்த மெஷினை மூன்றே நாளில் முடித்தேன். பழைய ஹீட் சிங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு, இருந்ததைப் போல இரண்டு மடங்கு ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. மேசையை ஜன்னல் பக்கத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். டேபிள் ஃபேனை அவர் பக்கம் நானே திருப்பிவைத்தேன். பதினோரு மணி, பன்னிரண்டு, இரண்டு மணி, மெஷின் மூச்சு வாங்கவே இல்லை. மார்ச் வரைபடம் முப்பதாம் தேதி மேனேஜர் மேசையில் இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்த மெஷின் அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓடியது. தமிழ்ச்செல்வியைப் பின்னால் நிரந்தரமாக்கினார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று இரண்டு பேரும் ஒரே ஆலை வண்டியில் அரியலூர் பஸ் நிலையத்துக்கு வந்தோம். எனக்குப் பெரம்பலூர் பஸ், அவருக்கு ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து மாற வேண்டும். நன்றி சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம். சொன்னால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அவர் நன்றி சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும், திட்டவும் இல்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"மூணு வருஷமா நாந்தான் ஸ்லோன்னு நெனச்சுட்டு இருந்தேங்க மேடம்."

சரவணன், நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். எந்தப் பிராசஸர், எத்தனை வருஷம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பழசை வைத்துக்கொள்ளலாமா, புதுசு வாங்கலாமா என்று மெஷின் சொல்லாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போங்கள். நேரமில்லை என்பீர்கள், எல்லாரிடமும் உட்கார முடியாது என்பீர்கள். சரி, வேண்டாம். உங்களிடம் வந்து சத்தம் போடுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் எப்படியும் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்களே, முதலில் அவர்களுக்குப் பின்னால் போய் உட்காருங்கள்.